ஐந்து பேர் மிஞ்சும்போது: அமாங் அஸ் ஆட்டத்தில் வாக்கின் கணக்கு

கப்பலில் ஒளிந்திருக்கும் கொலையாளிகளை வாக்கெடுத்து வெளியேற்றும் இணைய விளையாட்டான அமாங் அஸ்ஸில் கூட்டம் கூடியவுடன் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ‘யார்?’ என்பதுதான். உடல் எங்கே கிடந்தது, யார் யாரோடு இருந்தார்கள், எலெக்ட்ரிக்கல் அறைப் பக்கம் கடைசியாகப் போனது எந்த நிற ஆட்டக்காரர் என்று பேச்சு அந்தத் திசையிலேயே ஓடுகிறது. நேரம் முடியப்போகிறது என்ற பதற்றத்தில் யாராவது ஒருவர் மீது வாக்குகள் விழுகின்றன. ஆனால் அதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இப்போது எத்தனை பேர் உயிரோடு இருக்கிறோம், இந்த எண்ணிக்கையில் ஒரு தவறான வெளியேற்றத்தை நம்மால் தாங்க முடியுமா? அதே சந்தேகம், அதே சாட்சியம், அதே ஆள் என்றாலும் ஒன்பது பேர் இருக்கும்போது சரியாக இருக்கும் வாக்கு ஏழு பேர் இருக்கும்போது ஆட்டத்தையே தோற்கடிக்கும் வாக்காகலாம். நன்றாகப் பேசத் தெரிந்த பலர் இந்த ஆட்டத்தில் தொடர்ந்து தோற்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

விதிகளைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். இன்னர்ஸ்லாத் நிறுவனம் 2018இல் வெளியிட்டு, 2020இன் ஊரடங்கு மாதங்களில் உலகெங்கும் பரவிய இந்த ஆட்டம், மாஃபியா என்ற பழைய விருந்தறை விளையாட்டின் வழிவந்தது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி தவீதொவ் 1980களின் பிற்பாதியில் உருவாக்கியது மாஃபியா. அதை 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் ஓநாய் மனிதர்கள் கதையாக மாற்றினார். எல்லா வடிவங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிறுபான்மை, எதுவும் அறியாத ஒரு பெரும்பான்மை, இரண்டுக்கும் நடுவே ஒரு பொது வாக்கு. அமாங் அஸ்ஸில் அந்தச் சிறுபான்மையினர், மற்றவர்களை மறைவாகக் கொல்லும் இம்போஸ்டர்கள்; மற்றவர்கள், கப்பலின் வேலைகளைச் செய்யும் க்ரூமேட்கள். இம்போஸ்டர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டாலோ, கப்பலின் வேலைகள் முழுவதும் முடிந்தாலோ க்ரூமேட்களுக்கு வெற்றி. உயிரோடு இருக்கும் க்ரூமேட்களின் எண்ணிக்கை இம்போஸ்டர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இறங்கிய நொடியில் ஆட்டம் இம்போஸ்டர்கள் பக்கம் முடிந்துவிடும். வாக்குக் கணக்கு முழுவதும் இந்தக் கடைசி விதியிலிருந்தே பிறக்கிறது.

இங்கே பத்து பேர், இரண்டு இம்போஸ்டர்கள், 2021 நவம்பரில் வந்த சிறப்புப் பாத்திரங்கள் இல்லாத பழைய ஆட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய ஆட்டத்தில் இம்போஸ்டர்கள் மட்டுமே நுழையக்கூடிய காற்றுக்குழாய் வென்ட்; எஞ்சினியர் என்ற க்ரூமேட் பாத்திரம் வந்த பிறகு அதில் நுழைவது மட்டுமே குற்றத்துக்கு ஆதாரமாகாது. பிறர் உருவத்தை எடுக்கக்கூடிய ஷேப்ஷிஃப்டர் வந்த பிறகு கண்ணால் கண்ட நிறத்தையும் நம்ப முடியாது. அவற்றின் கணக்கு வேறு.

தொடக்கத்தில் எட்டு க்ரூமேட்கள், இரண்டு இம்போஸ்டர்கள். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே இம்போஸ்டர்கள் ஆளுக்கு ஒரு கொலை செய்யக்கூடும் என்று கொள்வோம். எட்டு பேர் எஞ்சியிருக்கும்போது, அதாவது ஆறுக்கு இரண்டு என்ற நிலையில், ஒரு க்ரூமேட்டைத் தவறாக வெளியேற்றினால் ஐந்துக்கு இரண்டு ஆகும். இரண்டு கொலைகள் விழுந்தால் மூன்றுக்கு இரண்டு. நெருக்கடிதான், ஆனாலும் ஆட்டம் முடியவில்லை. ஏழு பேர் இருக்கும்போது அதே தவறைச் செய்தால் நான்குக்கு இரண்டு ஆகி, இரண்டு கொலைகளில் இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டமே போய்விடுகிறது. எட்டுக்கும் ஏழுக்கும் இடையே ஓடும் இந்தக் கோட்டை ஆடுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். எட்டு வரை தவறு ஒரு இழப்பு. ஏழிலிருந்து அது தோல்வியாக மாறக்கூடிய இழப்பு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வெளியேற்றப்பட்ட க்ரூமேட் ஆவியாகத் தன் வேலைகளைத் தொடர்ந்து முடிக்கலாம். கொலை பயமில்லாமல் இன்னும் விரைவாகவே முடிக்கலாம். ஆகவே தவறான வெளியேற்றத்தால் அணி அவருடைய உழைப்பை இழப்பதில்லை. அவருடைய கண்ணையும் வாக்கையும்தான் இழக்கிறது. முடிந்த வேலைகளின் அளவைக் காட்டும் வேலைப்பட்டை நிறையும் தறுவாயில் இருந்தால் இந்த இழப்பு சிறியது. பட்டை பாதியில் நிற்கும்போது மிகப் பெரியது.

எண்ணிக்கை எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதை மாஃபியாவின் எளிய வடிவத்தில் துல்லியமாகப் பார்க்கலாம். ஒரே ஒரு மாஃபியா ஆள். பகலில் ஊர் எந்தத் தகவலும் இன்றிக் குருட்டாம்போக்காக ஒருவரை வெளியேற்றுகிறது. இரவில் மாஃபியா ஒருவரைக் கொல்கிறது. மூன்று பேர் இருக்கும் பகலில் மாஃபியா தப்பிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஐந்து பேர் என்றால் முதல் பகலில் ஐந்தில் நான்கு, அதைத் தாண்டினால் மூன்று பேர் பகலில் மூன்றில் இரண்டு. இரண்டையும் பெருக்கினால் 53 விழுக்காடு. ஏழு பேருக்கு 46 விழுக்காடு. இதுவரை எதிர்பார்த்தபடிதான். இரட்டைப்படையில் கணக்கு தலைகீழாகிறது. நான்கு பேர் ஊரில் வாக்களித்தால் மாஃபியா வெல்லும் வாய்ப்பு 75 விழுக்காடு. ஆறு பேரில் 62.5, எட்டில் 54.7; பத்து பேரில் 49. அதாவது குருட்டு வாக்கு போடும் பத்து பேர் ஊரைவிட ஏழு பேர் ஊரின் நிலை மேலானது. எட்டு பேர் ஊரைவிட ஐந்து பேர் ஊர், சிறிய அளவிலாவது, பாதுகாப்பானது. நான்கு பேர் இருக்கும் பகலில் யாரையும் வெளியேற்றாமல் விட்டால், இரவில் ஒருவரை இழந்து மூன்று பேராக விடிந்தபின் மாஃபியாவின் வாய்ப்பு 75இலிருந்து 67க்கு இறங்குகிறது. ஓர் உயிரை இழந்தும் ஊர் முன்னேறுகிறது என்பது முதலில் நம்பமுடியாததாகவே தோன்றும். காரணம் எளியது: நான்கு பேரில் தவறாக வாக்களித்தாலும் மூன்று பேரில் தவறாக வாக்களித்தாலும் விளைவு ஒரே தோல்விதான், அப்படியிருக்க, சந்தேகப் பட்டியல் குறுகியபின் அந்த ஒரே வாய்ப்பைப் பயன்படுத்துவது நல்லது.

கணித அறிஞர்கள் இதைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மார்க் பிரேவர்மன், ஓமித் எத்தெசாமி, எல்கனன் மோசெல் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் எந்தப் பக்கம் என்று ரகசியமாக அறியக்கூடிய துப்பறிவாளர் இல்லாத பெரிய ஊரில் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் மாஃபியா இருந்தாலே இரு தரப்புக்கும் வெற்றி வாய்ப்பு ஒப்பிடத்தக்கதாக இருக்கும் என்று நிறுவினார்கள். நூறு பேர் ஊரை ஆட்டிவைக்கப் பத்துப் பேர் அளவிலான குழுவே போதும். துப்பறிவாளர்கள் இருந்தால் மட்டுமே மாஃபியா மக்கள்தொகையில் ஒரு நிலையான விகிதமாக வளர வேண்டியிருக்கிறது. ஒருங்கிணைந்த சிறு குழுவின் வலிமையையும், உறுதியான ஒரு துளித் தகவலின் மதிப்பையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இந்த இரட்டைப்படைப் பாடத்தை அமாங் அஸ்ஸுக்கு அப்படியே கொண்டுவருவது ஆபத்து. மாஃபியாவில் ஒவ்வோர் இரவுக்குப் பின்னும் பகல் நிச்சயம் வரும். அமாங் அஸ்ஸில் கூட்டம் தானாக வராது. யாராவது உடலைக் கண்டு அறிவிக்க வேண்டும், அல்லது அவசரக் கூட்டப் பொத்தானை அழுத்த வேண்டும். யாரையும் வெளியேற்ற வேண்டாம் என்று போடும் வாக்குக்கு ஸ்கிப் என்று பெயர். ஒரு இம்போஸ்டர் மட்டும் மிஞ்சிய நான்கு பேரில் ‘ஸ்கிப் போடலாம், மூன்று பேரானபின் முடிவு செய்யலாம்’ என்று கலைந்தால், முதல் உடல் கண்ணில் படுவதற்குள் இரண்டாவது கொலைக்கான நேரம் வந்துவிடலாம். ஆகவே ஸ்கிப் போடும்போதே அடுத்த கூட்டம் எப்படிக் கூடும் என்பதையும் பேசி முடிக்க வேண்டும்: பொத்தானை அழுத்தும் வாய்ப்பு யாரிடம் மீதம் இருக்கிறது, எல்லோரும் பொத்தான் அருகிலேயே நிற்கிறோமா, கொலைக்கான காத்திருப்பு நேரம் பொத்தானின் காத்திருப்பு நேரத்தைவிட நீளமாக அமைக்கப்பட்டிருக்கிறதா. அது நீளமாக இருந்தால், ஒரு வாக்கு முடிந்து அடுத்த கொலை விழுவதற்கு முன்பே இன்னொரு கூட்டத்தைக் கூட்ட முடியும். தேர்ந்த இம்போஸ்டர் இதை அறிந்திருப்பதால், கூட்டம் கலைந்தவுடன் ரியாக்டரையோ ஆக்சிஜனையோ விளக்கையோ நாசப்படுத்துவார். அந்த நெருக்கடி தீரும்வரை பொத்தான் வேலை செய்யாது.

அடுத்து, வாக்கு எண்ணப்படும் முறை. எழுத்து வழியாக நாள்கணக்கில் ஆடப்படும் மாஃபியாவில் ஒருவரை வெளியேற்ற உயிரோடிருப்பவர்களில் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. அமாங் அஸ்ஸில் அப்படி இல்லை. அதிக வாக்கு பெற்றவர் வெளியே, முதலிடத்தில் சமநிலை வந்தால் யாரும் வெளியேறுவதில்லை. ஸ்கிப்பும் ஒரு வேட்பாளரைப் போலவே எண்ணப்படுகிறது. இது யாருக்குச் சாதகம் என்று ஒரு கூட்டத்தை நெருங்கிப் பார்த்தால் தெரியும். பத்து பேர். யாருக்கும் உறுதியான தகவல் இல்லை. இரண்டு பேர் ஸ்கிப். சிவப்பு மீது இரண்டு, நீலம் மீது இரண்டு, மஞ்சள் மீது ஒன்று என்று க்ரூமேட்கள் தங்களுக்குத் தோன்றிய சந்தேகத்தின்படி சிதறுகிறார்கள். மீதமிருக்கும் மூன்று வாக்குகள் பச்சை மீது. அவற்றில் இரண்டு இம்போஸ்டர்களுடையவை. மூன்றாவது, அவர்கள் பேச்சை நம்பிய ஒரு க்ரூமேட்டுடையது. பத்தில் மூன்றே வாக்குகளில் பச்சை வெளியேறுகிறார். ஏழு பேர் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு பேரும் நான்கு திசையில் நின்றார்கள்.

எனவே ஆதாரமில்லாத தொடக்கக் கூட்டத்தில் ஸ்கிப் என்பது ஒதுங்கி நிற்பதாகாது. ஒருங்கிணைந்த இரண்டு வாக்குகள் மூன்றாவது வாக்கைத் தேடி அலையும் நேரத்தில், ஐந்து ஆறு பேர் ஒன்றாகப் போடும் ஸ்கிப் உண்மையான தடுப்பு. வாக்கே போடாமல் நேரத்தை ஓடவிடுவது முற்றிலும் வேறு. அந்த வாக்கு எங்கும் எண்ணப்படாது, தடுப்பிலிருந்து ஒரு கல்லை உருவியதாகவே ஆகும். ‘சும்மா ஒரு சந்தேகத்துக்கு’ ஒருவர் மீது வாக்கைப் போட்டுவைக்கும் பழக்கத்தை நான் இதனாலேயே கடுமையாக எதிர்க்கிறேன். அமாங் அஸ்ஸில் போட்ட வாக்கைத் திரும்பப் பெறவும் முடியாது.

இனி, எண்ணிக்கையும் சாட்சியமும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். ‘ஊதா வென்ட்டில் நுழைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்’ என்கிறார் வெள்ளை. ‘பொய், வெள்ளைதான் இம்போஸ்டர்’ என்கிறார் ஊதா. கண் தவறியது என்ற வாய்ப்பை ஒதுக்கிவிட்டால் இருவரில் ஒருவர் இம்போஸ்டர் என்பது உறுதி. பலர் இங்கே ஒரு பொது விதியை வைத்திருக்கிறார்கள்: முதலில் குற்றம் சாட்டப்பட்டவரை அனுப்பு; அவர் க்ரூமேட் என்று தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் சாட்டியவரை அனுப்பு. ஒன்பது பேர் இருக்கும்போது இந்த விதி சிறப்பாக வேலை செய்கிறது. வெள்ளை பொய் சொல்லியிருந்தாலும், ஏழுக்கு இரண்டு ஆறுக்கு இரண்டாகி, இரண்டு கொலை விழுந்து நான்குக்கு இரண்டாகி, அடுத்த கூட்டத்தில் வெள்ளையும் போய்விடுவார். ஒரு க்ரூமேட்டுக்கு ஒரு இம்போஸ்டர் என்பது இம்போஸ்டர்களுக்கு மிக மோசமான பரிமாற்றம். ஆகவே ஒன்பது பேர் இருக்கும்போது அப்படியொரு பொய்யைச் சொல்ல ஒரு நல்ல இம்போஸ்டருக்குக் காரணமே இல்லை. அதனாலேயே அந்த நேரத்துச் சாட்சியம் நம்பத்தகுந்தது.

ஏழு பேர் இருக்கும்போது அதே சொற்களை வெள்ளை சொன்னால் நிலைமை வேறு. பொய் என்றால் ஊதா போனதும் நான்குக்கு இரண்டு. இரண்டு கொலைகள் விழுந்தால் வெள்ளையை வெளியேற்ற அடுத்த கூட்டமே கூடாது. பொய்க்கான விலையை அவர் ஒருபோதும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே அதே சாட்சியம் இங்கே பாதி எடைதான் பெற வேண்டும். இந்தக் கட்டத்தில் சாட்டியவரின் பழைய வாக்குகள், சொன்ன இடமும் நேரமும் மற்றவர் கூற்றோடு ஒத்துப்போவது, இருவரில் யாருக்காவது இன்னொருவர் துணைச்சாட்சி தருவது ஆகியவற்றை எல்லாம் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும். அப்போதும் முடிவு எட்டவில்லை என்றால், ஒருவரை அனுப்பிவிட்டு எல்லோரும் பொத்தான் அருகே ஒன்றாக நின்று, கொலைக்கு முன் அடுத்த கூட்டத்தைக் கூட்ட முடியுமா என்று பார்ப்பதே வழி. ஒரு கூற்றை நம்புவதா என்பது சொன்னவரின் முகபாவத்திலோ குரல் நடுக்கத்திலோ இல்லை. பொய் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன செலவாகும் என்பதில் இருக்கிறது. என்னளவில் இந்த ஆட்டத்தின் மிக அழகான பகுதி இதுதான்.

ஐந்து பேர், அதில் இரண்டு இம்போஸ்டர்கள் என்ற நிலைதான் மிகக் கடுமையானது. ஒரு க்ரூமேட்டின் பார்வையில், எதிரே இருக்கும் நால்வரில் இருவர் எதிரிகள். யாரைத் தொட்டாலும் பாதிக்குப் பாதி. தவறாக வெளியேற்றினால் அந்த நொடியே தோல்வி. ஸ்கிப் போட்டால் அடுத்த ஒரே கொலையில் தோல்வி. வாக்களித்தே தீர வேண்டும், அதுவும் மூன்று க்ரூமேட்களும் ஒரே இம்போஸ்டர் மீது. மூவரில் ஒருவர் விலகி மற்ற இம்போஸ்டர் மீது வாக்கைப் போட்டுவிட்டால்கூட, அவருடைய சந்தேகம் முற்றிலும் சரியாக இருந்தும், இரண்டு–இரண்டு–ஒன்று என்று சமநிலை வந்து யாரும் வெளியேறாமல் ஆட்டம் நழுவுகிறது. இங்கே எது சரி என்று தனியாகக் கண்டுபிடிப்பதைவிட மூவரும் ஒன்றாக நிற்பது முக்கியம். இம்போஸ்டர்களுக்கு அந்த ஒற்றுமை பிறவியிலேயே கிடைத்திருக்கிறது; க்ரூமேட்கள் அதைப் பேசியே உருவாக்க வேண்டும்.

அந்த ஒற்றுமைக்கு மையமாக இருக்கக்கூடியவர், குற்றமற்றவர் என்று ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட ஒருவர். மருத்துவ அறையின் மெட்பே ஸ்கேன் போல, இம்போஸ்டரால் செய்ய முடியாத, மற்றவர் கண்ணுக்குத் தெரியும் வேலையைச் செய்துகாட்டியவர் ஐந்து பேரில் ஒருவராக இருந்தால், உங்கள் கணக்கு உடனே மாறுகிறது: மீதி மூவரில் இருவர் இம்போஸ்டர்கள், எந்த யோசனையும் இன்றிக் கைவைத்தாலும் மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவர் யார் மீது வாக்கைப் போடுகிறாரோ அவர் மீதே தானும் போடுவது என்று மற்ற இரு க்ரூமேட்களும் முடிவு செய்தால் வாக்கு சிதறாது. இம்போஸ்டர்கள் ஸ்கேன் செய்தவர்களை முதலில் கொல்வதற்கும், அனுபவமுள்ள க்ரூமேட்கள் அப்படிப்பட்டவர்களை இருவர் மூவராகச் சூழ்ந்து நடப்பதற்கும் காரணம் இந்தக் கடைசிக் கூட்டம்தான்.

வாக்கு ஒருவரை வெளியேற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. அது ஒரு பதிவாகவும் நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பெயரின் கீழும் வாக்களித்தவர்களின் நிறங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. வெளியேறியவர் இம்போஸ்டர் என்று உறுதியானால், அந்த வரிசையே அடுத்த கூட்டத்தின் சாட்சியம். ஆனால் எல்லா வரிசைகளும் ஒரே அளவு பேசுவதில்லை. ஆறுக்கு ஒன்று என்று ஒருவர் அடித்துச் செல்லப்பட்டிருந்தால், அவருடைய கூட்டாளியும் அந்த ஆறில் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காப்பாற்ற முடியாத துணையைக் கைவிட்டு நம்பிக்கை சம்பாதிப்பதை ஆட்டக்காரர்கள் பஸ்ஸிங் என்கிறார்கள். நான்கு வாக்குக்கு எதிராக மூன்று ஸ்கிப் என்று மயிரிழையில் முடிந்த கூட்டம்தான் உண்மையைச் சொல்லும். அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கு துணையைக் காப்பாற்றியிருக்கும் என்பதால், கூட்டாளி அந்த மூன்று ஸ்கிப்பில் ஒருவராக இருக்க வலுவான காரணம் உண்டு. மாஃபியா ஆடுபவர்களிடையே ‘மூன்றாவதாக வந்து சேரும் வாக்கு மாஃபியாவுடையது’ என்பது போன்ற வழக்குகள் உண்டு. அவற்றை நான் நம்புவதில்லை. எந்த இடத்து வாக்கு என்பதைவிட, அந்த வாக்கு விழுந்தபோது முடிவு ஏற்கெனவே தீர்ந்திருந்ததா என்பதே பயனுள்ள கேள்வி. அமாங் அஸ்ஸில் யாருக்கு வாக்களித்தார் என்பது மறைந்திருந்தாலும், வாக்களித்துவிட்டார் என்ற அடையாளம் உடனே பெயரருகே வந்துவிடும். உடல் எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் வாக்கைப் போட்டுவிட்டவருக்குக் கேட்க எதுவும் மீதமில்லை என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பதிவின் மதிப்பு அறையை, அதாவது அந்த ஆட்டத்தை, அமைப்பவர் கையில் இருக்கிறது. வாக்குகளை மறைக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் நிறங்களுக்குப் பதிலாகச் சாம்பல் உருவங்களே தெரியும். எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். வெளியேறியவர் இம்போஸ்டரா இல்லையா என்று அறிவிக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் பழைய வாக்குகளை எதனோடும் ஒப்பிட முடியாது. ‘முதலில் ஒருவர், பொய்யானால் மற்றவர்’ என்ற விதியும் அங்கே செல்லாது, ஏனெனில் பொய்யாகிவிட்டதா என்பதே தெரியாது. இரண்டும் சேர்ந்த அறைகளில் தொடக்கத்திலேயே ஸ்கிப்பைக் கூட்டி, வேலைகளை முடிப்பதில் கவனம் வைப்பதே க்ரூமேட்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

ஒரு இம்போஸ்டர் ஏற்கெனவே போய், மூன்று பேர் மட்டும் மிஞ்சிய கூட்டத்தில் பேச்சின் உள்ளடக்கத்தைவிட, யார் எதை முன்மொழிகிறார் என்பதே அதிகம் சொல்லும். இரண்டு க்ரூமேட்கள் ஒரே பெயரில் சேர வேண்டும். இம்போஸ்டருக்கு ஒரு க்ரூமேட்டின் வாக்கைத் தன் பக்கம் இழுத்தால் போதும், சமநிலை வந்தாலும் போதும். ‘அவசரப்பட வேண்டாம், ஸ்கிப் போட்டுவிட்டு ஒன்றாக நடக்கலாம்’ என்ற நிதானமான குரல் முதல் கூட்டத்தில் நல்ல க்ரூமேட்டின் குரல். மூன்று பேர் மிஞ்சியபோது அப்படிச் சொல்ல க்ரூமேட்டுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்: வேலைப்பட்டை நிறைய இன்னும் ஓரிரு வேலைகளே பாக்கி, அதை யார் எங்கே முடிக்கப்போகிறார் என்று அவரால் சொல்ல முடிகிறது. அதைச் சொல்ல முடியாமல் ஸ்கிப்பை வற்புறுத்துபவர் மீது வாக்கைப் போடலாம்.